ஆராய்ச்சிக்குக் கையெழுத்து கேட்டு வந்தால்

கேரளத்தில் பாலக்காடு ஜில்லாவின் தமிழ் பேசும் எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம் ஆராய்ச்சிக்கென்று ஆள் வருவது புதிதில்லை. பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை. அங்கே கோக்கோ கோலா ஆலை 2000-ல் தொடங்கி 2004-ல் நின்றது. அந்த வருஷங்களில் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். அதில் நல்லதும் நடந்தது. ஆலைக் கழிவை உரமென்று வாங்கி வயலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் பிபிசி வானொலிக்காரர்கள் அதில் கொஞ்சம் எடுத்துப்போய் இங்கிலாந்தில் சோதித்து, ஈயமும் காட்மியமும் இருக்கிறதென்று சொன்னார்கள். ஆகையால் ஆராய்ச்சி என்று வருகிறவர்களை வாசலோடு விரட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் இப்போது வருகிறவர்கள் தண்ணீரோடு திருப்திப்படுவதில்லை. ரத்தம், எச்சில், எக்ஸ்ரே, ஆதார் எண், போன் எண், கடைசியில் நம் குரல் வரைக்கும் கேட்கிறார்கள். கேட்பது தப்பில்லை. கேட்கிற விதத்துக்குச் சட்டமும் நெறிமுறையும் இருக்கின்றன. அவை நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

நான் இந்தப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் பொது ஆள் உறுப்பினராகவும் உட்காருகிறேன். மருந்து ஆராய்ச்சி எதையும் தொடங்குமுன் அப்படி ஒரு குழு பார்த்து அனுமதி தர வேண்டும். 2019-ல் வந்த புதிய மருந்து ஆராய்ச்சி விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், ஒரு பெண்ணாவது கட்டாயம். டாக்டர், வக்கீல் இவர்களோடு, மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இல்லாமல் கூட்டம் செல்லாது. அந்தச் சாதாரண ஆள் நான். என் வேலை, ஆராய்ச்சியில் சேர்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் சம்மதத் தாளைப் படித்துவிட்டு ‘இது எங்கள் ஊர் அம்மிணிக்குப் புரியாது’ என்று சொல்வது. டாக்டர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

இப்படி ஆள் வந்தால் என்ன செய்வதென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்; முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தாள் ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் தங்கட்டும். ‘வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க. தாளைக் கொடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாங்க’ என்றால் போதும். யோசிக்க நேரம் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. நேர்மையான ஆள் மறுநாள் வருவார். ‘இன்னைக்கே முடிக்கணும், ஜீப் காத்திருக்கு’ என்கிறவருக்கு அவசரம் அவருடையது, உங்களுடையது இல்லை.

வைத்தியமா, ஆராய்ச்சியா?

இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் ஊசியோடு வந்தால் அது வைத்தியம் என்று நினைத்துவிடுகிறோம். ‘இலவச முகாம்’ என்று பேனர் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். வைத்தியத்தில் டாக்டர் உங்களுக்கு எது நல்லதோ அதைத் தருகிறார். ஆராய்ச்சியில் அவருக்கு விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை தேட உங்கள் உடம்பு வேண்டும். இரண்டும் ஒரே அறையில், ஒரே டாக்டர் கையால் நடக்கலாம்.

மருந்து ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். உங்களுக்குப் புது மருந்தா பழைய மருந்தா என்று டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து கோபாலபுரத்தில் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார்களே, அந்தக் குலுக்கல் மாதிரிதான். யார் கையில் எந்தச் சீட்டு என்பது சில ஆராய்ச்சிகளில் டாக்டருக்கே தெரியாது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. எந்த மருந்து நல்லது என்று கண்டுபிடிக்க நியாயமான வழி இது. ஆனால் ‘எனக்கு நல்ல மருந்து கொடுக்கிறார்’ என்று நம்பிக்கொண்டு நீங்கள் சேரக் கூடாது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி: ‘இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?’ பதில் தெளிவாக வர வேண்டும். சேராததால் வழக்கமான சிகிச்சை குறையும் என்று யாராவது ஜாடையாகச் சொன்னால்கூட அங்கேயே எழுந்துவிடுங்கள். அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நடுவில் விலகினாலும் அப்படித்தான், சிகிச்சை குறையக் கூடாது.

திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டரில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, 1999, 2000 வாக்கில், அறுவைக்கு முன்னால் சோதனை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். 2001-ல் விஷயம் வெளியே வந்தது. கூட்டாளியான அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் விசாரித்து, தங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இது நடந்தது என்று ஒப்புக்கொண்டது. புற்றுநோயோடு போகிறவர் எந்தத் தாளையும் படிக்கிற மனநிலையில் இருக்க மாட்டார். கூடப் போகிறவர்தான் படிக்க வேண்டும்.

தமிழில் கேளுங்கள்

பாலக்காடு, திருச்சூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் மலையாளத் தாளோடு வருவார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்தால் தமிழ்த் தாள் இருக்கும். ஆனால் அது அகராதியைப் பார்த்து எழுதிய தமிழாக இருக்கும். நமக்கு மலையாளம் பேச வரும், பஸ் போர்டும் படித்துவிடுவோம். நாலு பக்கம் மருத்துவ மலையாளம் படிப்பது வேறு. படித்தவர்களே ‘ம்ம், புரிஞ்சுது’ என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘இது தமிழில் தராமோ?’ (தர முடியுமா?) என்று அவர்கள் மலையாளத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இது கெஞ்சிக் கேட்கிற சலுகை கிடையாது. கலந்துகொள்கிறவருக்குப் புரிகிற மொழியில்தான் தாள் இருக்க வேண்டும் என்கின்றன அதே 2017 நெறிகள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கேட்கிற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அதில் நிபந்தனையோடு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் தவணையும் உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களானால், படித்துக் காட்டி, நடுநிலையான சாட்சி ஒருவர் முன்னால் கைநாட்டு வாங்க வேண்டும். இந்தச் சாட்சி விஷயத்தில் எனக்கும் குழுவில் மற்றவர்களுக்கும் ஓயாத சண்டை. வழக்கமாக, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான அந்த வார்டு ஆஷா வொர்க்கரையே சாட்சியாகப் போடுகிறார்கள். வீடு காட்டிக் கூட்டி வந்தவர் எப்படி நடுநிலை ஆவார்? அந்தப் பெண்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, கூலியோ சொற்பம். 2025-ல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே இருந்து சொன்னால் அவர்களால் மறுக்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன். சாட்சிக்கு உங்கள் வீட்டு ஆளையோ பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையையோ நீங்களே கூப்பிடுங்கள்.

தாளில் எங்கே பார்ப்பது

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நாட்டுக்கு நன்மை, சமுதாயத்துக்கு நன்மை என்றெல்லாம் இருக்கும். அதைத் தாண்டிப் போங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதுதான் என் வழக்கம். விவகாரமெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு போன் எண் இருக்க வேண்டும். ஒன்று ஆராய்ச்சி செய்கிறவருடையது, இன்னொன்று நெறிமுறைக் குழுவினுடையது. இரண்டாவது இல்லையென்றால் தாள் முழுமையில்லை. இருந்தால், அந்த ராத்திரி கழிந்து காலையில் கூப்பிட்டுப் பாருங்கள். ‘இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்தீங்களா?’ என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவுக்கு அப்படி யாரும் கூப்பிடுவதேயில்லை, கூப்பிட்டால் எனக்குச் சந்தோஷம்.

மருந்து, தடுப்பூசி, கருவி எதையாவது உடம்பில் சோதிப்பதானால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு, அரசு இணையச் சேவை மையமான அட்சயா சென்டருக்குப் போனால் பையன் இரண்டு நிமிஷத்தில் தேடிக் கொடுப்பான். பார்க்கக் காசு கிடையாது. யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், எந்தெந்த ஊரில் நடக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். யார் பணம் என்பதைக் கட்டாயம் பாருங்கள். பேனரில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருந்தால் ஏனென்று கேளுங்கள். காலேஜ் பிள்ளைகள் படிப்புக்காகக் கேள்வித்தாளோடு வருவதற்கெல்லாம் இந்த எண் தேவைப்படாது. அவர்களைப் போட்டு வறுக்க வேண்டாம்.

உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ன என்ற இடம். மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவருக்குக் கெடுதல் வந்தால் இலவசமாகப் பார்க்க வேண்டும், ஆராய்ச்சியால்தான் வந்தது என்றால் நஷ்ட ஈடும் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் பெரிதானால், ஆராய்ச்சி செய்கிற டாக்டர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், பணம் போட்ட கம்பெனிக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே நெஞ்சு படபடத்தால் சுக்குக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். எந்த நேரமானாலும் தாளில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தாலும் அந்தத் தாளைக் கையோடு கொண்டு போங்கள்.

பணம். பஸ் கூலியும், தொழிலுறப்பு என்கிற ஊரக வேலைத் திட்டத்துக்கோ வரப்பு வெட்டவோ போகாமல் போன நாளுக்கான கூலியும் கேட்கலாம், அது நியாயம். சம்மதம் வாங்குவதற்காகவே பெரிய தொகை நீட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கையெழுத்துப் போட்டால் ஒரு பிரதி உங்களுக்கு. டேப்லட்டில் விரலால் கையெழுத்து வாங்கினாலும் அப்படியே. ‘வாட்ஸாப்பில் அனுப்பறோம்’ என்றால், அனுப்பின பிறகு போடுங்கள்.

பிள்ளைகளைச் சேர்ப்பதானால்

அப்பனோ ஆத்தாளோதான் சம்மதம் தர வேண்டும். ஹெட்மாஸ்டர் தர முடியாது, ஹாஸ்டல் வார்டனும் தர முடியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. பல பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கொடுத்த அறிக்கையில், பார்த்த 9,543 சம்மதத் தாள்களில் 2,763-ல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் நடந்த சில பிள்ளைகளின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. எச்.பி.வி. ஊசி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற நல்ல ஊசி, என் பேத்திக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். நல்ல ஊசியாக இருந்தாலும் பெற்றவர்களைக் கேட்காமல் ஆராய்ச்சிக்குள் கொண்டுவரக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். மேலிருந்து கடிதம் வரும், ஹெட்மாஸ்டர் ‘சரி’ போடுவார், பிள்ளைகள் கையில் ஒரு சீட்டு கொடுத்துவிடுவார்கள், மறுநாள் கொண்டு வராதவனை நிற்க வைப்பார்கள். நிற்க வைத்து வாங்குகிற கையெழுத்து சம்மதமாகாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதன் இஷ்டத்தையும் கேட்க வேண்டும்; பன்னிரண்டுக்கு மேலானால் எழுத்தில் வாங்க வேண்டும். அது மாட்டேன் என்றால் மாட்டேன்தான். வீட்டில் நீங்களும் அதை அதட்டாதீர்கள்.

ரத்தமும் எச்சிலும் எங்கே போகிறது

‘எதிர்கால ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். பேனா ஓட்டத்தில் அதிலும் டிக் விழுந்துவிடும். அந்தக் கட்டத்தில்தான் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர், 1990-களின் தொடக்கத்தில், சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும் அவர்களுடைய பூர்வீகம் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்து வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

‘சர்க்கரைக்கு மட்டும்தான்’ என்று நீங்கள் சொல்லலாம். ‘வேறெதற்காவது வேண்டுமானால் மறுபடி கேளுங்கள்’ என்றும் சொல்லலாம். கட்டத்தில் டிக் போடாமல் விட்டாலும் முதல் ஆராய்ச்சியில் சேரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரபணு சோதனையென்றால் யோசிக்க இன்னொன்று இருக்கிறது. உங்கள் மரபணு உங்களுடையது மட்டுமில்லை. அதில் பாதி உங்கள் பிள்ளையிடம் இருக்கிறது, கூடப் பிறந்தவர்களிடமும் பங்கு உண்டு. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகக் குழுக்களிலிருந்து எடுத்துப் படித்த பத்தாயிரம் பேரின் மரபணு வரிசை, 2025 ஜனவரி முதல் ஃபரீதாபாத் தரவு மையத்திலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கிறது. பெயரை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள். நல்ல காரியம், நம் ஆட்களின் மரபணுவைப் பார்க்காமல் செய்த மருந்தை நமக்குக் கொடுப்பதைவிட இது மேல். இருந்தாலும் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுங்கள். எங்கள் பக்கம் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் அதிகம், முடிவில் ஏதாவது தெரிந்தால் பேச்சு பெண் பார்க்கிற இடம் வரைக்கும் போகும். ‘முடிவு எங்களுக்கு வருமா, வேண்டாம் என்றால் சொல்லாமல் இருப்பீர்களா?’ இதையும் கேளுங்கள்.

குரல், போன், படம்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘பின்னால் வேண்டாம் என்றால் அழிக்க முடியுமா?’

பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் சேர்ந்து நடத்தும் வாணி திட்டத்தில், படத்தைக் காட்டி அதைப் பற்றி நம் பேச்சில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாக எடுத்து எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு நம் பேச்சு விளங்க வேண்டுமானால் யாராவது பேசித்தான் ஆக வேண்டும், எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாத் தமிழும் அதில் ஏறட்டும். ஆனால் இப்படி வெளியே போன குரல் எத்தனை பேர் கம்ப்யூட்டரில் இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை வைத்து செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்குவதும் இப்படித்தான்; பழக்கி முடித்த பிறகு உங்கள் படத்தை மட்டும் உருவி எடுக்க வழியில்லை. கொடுப்பதானால் இதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். பதிவில் உங்கள் பெயர், வீட்டுப் பெயர், பிள்ளை படிக்கும் பள்ளி எதையும் சொல்ல வேண்டாம். ஓ.டி.பி. கேட்டால் எந்த ஆராய்ச்சியாக இருந்தாலும் முதலில் ‘எதுக்குங்க?’ என்று கேளுங்கள்.

அரசாங்கம் கேட்டாலும் கேள்வி கேட்கலாம். கொரோனா சமயத்தில் கேரள அரசு சேர்த்த விவரங்களை ஸ்ப்ரிங்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனி கையாண்ட விவகாரத்தில், 2020 ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம், ஆளை அடையாளம் காட்டுகிற விவரங்களை நீக்கிவிட்டுத்தான் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும், மக்களிடம் சம்மதமும் வாங்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. தொற்றுநோய்க் காலத்திலேயே அப்படியென்றால், சும்மா இருக்கிற காலத்தில் கேட்க என்ன தயக்கம்?

சரியில்லை என்று பட்டால்

முதலில் தாளில் உள்ள நெறிமுறைக் குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். போனில் பேசினால் காற்றோடு போகும். ஆராய்ச்சியின் பெயர், வந்த தேதி, வந்தவர் பெயர், என்ன சொன்னார், என்ன எடுத்தார். இவ்வளவு போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தாளின் நகலைக் கூடவே இணையுங்கள், மூலத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மருந்து சம்பந்தப்பட்டதானால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஒரு நகல். கேரள சுகாதாரத் துறை ஆட்களோடு வந்திருந்தால் பாலக்காடு ஜில்லா மெடிக்கல் ஆபீசருக்கும் ஒன்று. எல்லாம் ஸ்பீட் போஸ்டில், ரசீதைத் தாளின் மூலத்தோடு சேர்த்து வையுங்கள்.

மலையாளத்தில் எழுத வராதே என்று விட்டுவிட வேண்டாம். 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்கும் இங்குள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்று இருக்கிறது. பதில் மலையாளத்தில் வந்தால், அதையும் ஒரு குறையாகச் சேர்த்து அடுத்த கடிதம் எழுதுங்கள்.